புதிர் வழியே தருக்கம் புகட்டிய லூயிஸ் கரோல்

ஆலிஸ் என்னும் சிறுமி ஒரு முயலைத் தொடர்ந்து சென்று, அதன் வளையினுள் வீழ்ந்து, அற்புத உலகங் கண்டு மீண்ட கதையைக் கேள்வியுறாத மாணவர் நம் கல்லூரியில் அரியர். அக்கதையை இயற்றியவர் லூயிஸ் கரோல் என்பதும் பலர் அறிந்ததே. ஆயின், அப்பெயரைப் பூண்டவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கணித ஆசிரியராகக் கழித்தார் என்பதையும், இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளில் தருக்கக் கலையை இளைஞரும் விளையாடிக் கற்கும் பொருளாக்குதற்கு அயராது உழைத்தார் என்பதையும் அறிந்தவர் சிலரே. இக்கட்டுரையில் அவர் வாழ்க்கையை அப்பக்கத்தினின்று நோக்கப் புகுகின்றோம்.

அவ்வாறு நோக்குதற்குக் காரணம் ஒன்றுண்டு. இந்நாளில் மாணவர் பலர் ஓய்வு நேரத்தில் கைபேசியில் ஆடும் விளையாட்டுகளுள் இருக்கைப் புதிரும் ஒன்றாகும். ஒரு மேசையருகே சிலர் அமர வேண்டும்; இன்னார் இன்னாருக்கு அடுத்தவர், இன்னார் இன்ன இடத்தில் இல்லை எனச் சில குறிப்புகள் தரப்படும்; அவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் உரிய நாற்காலியைக் கண்டறிதல் வேண்டும். இதனை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வாரும் உளர். அறிவுப் பயிற்சியென்று புகழ்வாரும் உளர். கண்டபடி விரலை அழுத்தி, தவறு நேர்ந்தால் மீண்டும் அழுத்தி விடை காண்பவனுக்கு அது வீண் பொழுதே; காரணங் கண்டு அடியடியாக நடப்பவனுக்கு அது பயிற்சியே என்பது நம் கருத்து. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை லூயிஸ் கரோலைப் போலத் தெளிவுறக் காட்டியவர் அரியர்.

சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்பதே பெற்றோர் அவருக்கு இட்ட பெயர். இங்கிலாந்திலே செஷயர் பகுதியில் டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். ஆக்ஸ்போர்டிலே பயின்று கணிதத்தில் முதல் வகுப்பிலே தேறியவர். பிள்ளைகள் பதினொருவருள் நம் சார்லஸ் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். 1843இல் குடும்பம் யார்க்ஷயரிலுள்ள கிராஃப்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே குருமனைத் தோட்டத்திலே தம்பி தங்கையரை மகிழ்விக்கும் பொருட்டு அவர் ஓர் இரயில் விளையாட்டை அமைத்து, அதற்கு நிலையங்களையும் பயணிகளுக்கான விதிகளையும் வகுத்தார். வீட்டார் படித்தற்கெனக் கையெழுத்துப் பத்திரிகைகளும் நடத்தினார். வேடிக்கையும் விதியும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்றல் அவர்பால் இளமையிலேயே தோன்றிவிட்டது எனலாம்.

ரிச்மண்ட் பள்ளியிலும், பின்னர் ரக்பிப் பள்ளியிலும் பயின்ற அவர், 1851ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆக்ஸ்போர்டிலுள்ள கிறைஸ்ட் சர்ச் கல்லூரியை அடைந்தார். அங்கு வந்து இரண்டு நாள் கழிவதற்குள் தாயார் காலமான செய்தி எட்டியது. பதின்மர் உடன்பிறந்தாருடைய நலத்தில் மூத்த மகனுக்குரிய கவலை அன்று முதல் அவருள்ளத்தில் நிலைபெற்றது. 1854இல் கணிதத்தில் முதல் வகுப்பிலே தேறினார். மறு ஆண்டு அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளர் பதவி பெற்றார். அப்பதவியில் 1881 வரை இருந்தார். பதவியைத் துறந்த பின்னரும் கல்லூரியை விட்டு நீங்கினாரல்லர். மாணவராய் நுழைந்த நாள்தொட்டு இறக்குமளவும் நாற்பத்தேழு ஆண்டுகள் அக்கல்லூரியே அவருக்கு இல்லமாயிற்று.

அவர் திக்கிப் பேசுபவர். கூட்டத்திற் பேசக் கூசுபவர். 1861இல் டீக்கன் என்னும் உதவிக்குருப் பட்டம் பெற்றாராயினும், அதற்கு மேற்பட்ட குருப் பட்டத்தை ஏற்கவில்லை. புகைப்படக் கலை புதிதாயிருந்த அக்காலத்தில், 1856 முதல் 1880 வரை அதனைப் பயின்று அதில் வல்லுநர் எனப் பெயர் பெற்றார். ஒழுங்கில் அவருக்கிருந்த வேட்கைக்கு ஒரு சான்று கூறுதும். 1861ஆம் ஆண்டு முதல் தாம் எழுதிய கடிதங்களையும் தமக்கு வந்த கடிதங்களையும் எண்ணிட்டு ஒரு பதிவேட்டிற் குறித்து வந்தார். அவர் இறந்தபொழுது அப்பதிவேட்டின் கடைசி எண் 98,721 ஆகும்.

லூயிஸ் கரோல் என்னும் புனைபெயர் 1856இல் தோன்றியது. தம் பெயரின் முதலிரு சொற்களையும் இலத்தீன் மொழிக்கு மாற்றி, அவற்றை முன்பின்னாக்கி, மீண்டும் ஆங்கிலமாக்கி அதனைப் பெற்றார். பெயரே ஒரு புதிராயிற்று. 1862ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், டக்வொர்த் என்னும் நண்பருடன் கல்லூரித் தலைவர் லிட்டல் என்பாரின் புதல்வியர் மூவரையும் படகில் ஏற்றித் தேம்ஸ் ஆற்றிலே சென்றபோது, அவர்களுக்குச் சொல்லிய கதையே 1865இல் ஆலிஸின் அற்புத உலகம் என நூலாக வெளிவந்தது. டெனியல் என்பார் அதற்குப் படங்கள் வரைந்தார். அதன் தொடர்ச்சியாகிய கண்ணாடி உலகக் கதை 1871ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது; சதுரங்க ஆட்டமே அதற்கு அடிப்படை.

முதற் கதையில் வரும் தேநீர் விருந்தை இங்கே நினைவிற் கொள்ளுதல் தகும். மேசையோ பெரிது, நாற்காலிகளோ பல. தொப்பிக்காரரும் மார்ச்சு முயலும் தூங்கி வழியும் எலியும் ஒரு மூலையிலே நெருங்கியிருந்துகொண்டு, வரும் சிறுமியை இடமில்லையெனத் தடுக்கின்றனர். அவர்களுக்குக் காலம் ஆறு மணியிலேயே நின்றுவிட்டது. ஆதலின் எப்பொழுதும் தேநீர் வேளையே. கோப்பைகளைக் கழுவ நேரமில்லை. எனவே ஒருவர் பின் ஒருவராக அடுத்த நாற்காலிக்கு நகர்கின்றனர். தொப்பிக்காரர் முன்னே நகர, அவரிடத்துக்கு எலியும், எலியின் இடத்துக்கு முயலும், முயலின் இடத்துக்கு ஆலிஸும் வருகின்றனர். தூய கோப்பை கிடைத்தது தொப்பிக்காரர் ஒருவருக்கே. ஆலிஸுக்கு வாய்த்ததோ முயல் பாலைக் கவிழ்த்த தட்டு. சிரிப்புக்கென எழுதிய இப்பகுதியிலும் ஒருவர் இடம் பெயரின் அனைவர் நிலையும் மாறும் என்னும் இருக்கைக் கணக்கின் அடிப்படை அமைந்திருத்தல் காண்க.

கதையில் மட்டுமன்று, வாழ்விலும் அவர் இருக்கை வகுத்தலிற் கருத்துடையவர். விருந்துக்கு அழைக்கும்போது மேசையின் வரைபடத்தையும், அதில் விருந்தினர் அமரும் முறையில் அவர் பெயர்களையும், எவர் எந்தப் பெண்மணியை அழைத்துச் செல்வது என்னும் அடையாளத்தையும் அட்டையிற் குறித்து வழங்கலாம் என்பது அவர் கண்ட முறை. இதனால் விருந்தளிப்பவர் ஒவ்வொருவரிடமும் சென்று சொல்லும் தொல்லை நீங்கும். மேசையை அடைந்ததும் குழப்பம் நேராது. உடனிருப்போர் யாவர் என்பதை எல்லாரும் அறிவர். அவ்வட்டைகளைச் சேர்த்து வைப்பின், எவரோடு எவர் மனமொத்துப் பழகினர் என்பதைக் கண்டு அடுத்த விருந்தினைத் திருத்தமாக அமைக்கலாம் என அவர் பயன்களை வரிசைப்படுத்தினார். ஒரே உணவு ஒரே நண்பருக்கு மீண்டும் மீண்டும் வாராதபடி, இட்ட உணவுகளுக்கும் குறிப்பு வைத்திருந்தார்.

விருந்தையே புதிராக்கிய இடமும் ஒன்றுண்டு. 1880 முதல் ஒரு மாத இதழில் அவர் கதைகளாக எழுதிய கணக்குகள் 1885இல் சிக்கற்கதை என்னும் பொருள்படும் பெயரில் நூலாயின. அவற்றுள் ஒன்றில், ஆளுநர் ஒருவர் மிகச் சிறிய விருந்தொன்று நடத்த விரும்பித் தம் தந்தையின் மைத்துனரையும், சகோதரனின் மாமனாரையும், மாமனாரின் சகோதரனையும், மைத்துனரின் தந்தையையும் அழைக்கின்றார். மிகக் குறைந்த அளவில் விருந்தினர் எத்துணைப் பேர் என்பது வினா. நால்வர் என்று வாய் சொல்லும். ஆயின் ஒருவரே போதும் என்பதே விடை. சில குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்தும் கொண்டும் வரின், ஒருவரே இந்நான்கு உறவும் ஆகலாம் என்பதைக் கொடிவழிப் படம் வரைந்து அவர் மெய்ப்பித்தார். இவ்விதழின் வாசகர் அனுப்பிய விடைகளை அவர் மாணவர் தாள்களைப்போலவே திருத்தி, வகுப்புகளாகப் பிரித்து வெளியிட்டார். விடை சரியா என்பதோடு அவர் நின்றாரல்லர். விடையை அடைந்த வழி சரியா என்பதையும் ஆராய்ந்தார். இது நாம் கருத்தூன்றி நோக்கற்பாலது.

இத்தகைய ஆராய்ச்சியைப் பொதுவாழ்வின் பொருள்களிலும் அவர் செலுத்தினார். 1883இல் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தோற்றவரை உடனே நீக்கும் முறையில் 32 பேர் ஆடுவதாகவும், வல்லவரே எப்போதும் வெல்வதாகவும் கொள்வோம். முதல்வர் முதற் பரிசு பெறுதல் உறுதி. ஆயின் வன்மையில் இரண்டாமவர், முதல்வர் நின்ற பாதியிலேயே அமைந்துவிடின் இறுதியாட்டத்தை அடையுமுன்பே நீங்கிவிடுவார். முதல்வரை விலக்கினால் எஞ்சும் இடங்கள் 31. அவற்றுள் மறுபாதியில் உள்ளவை 16. ஆகவே இரண்டாமவர் தமக்குரிய பரிசைப் பெறும் வாய்ப்பு 31இல் 16 பங்கே, ஏறக்குறையப் பாதி. தம்மினும் வல்லார் மூவர் உளர் என்பது தெளியும்வரை ஒருவரையும் நீக்கலாகாது என்பது அவர் வகுத்த மாற்றுமுறை. தேர்தல் முறைகளைக் குறித்தும் 1873, 1874, 1876 ஆகிய ஆண்டுகளில் சிறு வெளியீடுகள் எழுதினார். முதல்வரை இரண்டாமவரும், இரண்டாமவரை மூன்றாமவரும், மூன்றாமவரை முதல்வரும் பெரும்பான்மையால் வெல்லும் வட்டச் சிக்கல் நேரக்கூடும் என்பதை அவர் ஆராய்ந்தார். இடம் அமைக்கும் முறையே சிலருக்கு நீதியும் சிலருக்கு அநீதியும் ஆகும் என்பதை அவர் கண்டமையால், இவை அவருக்கு வெறும் வேடிக்கையாயிருக்கவில்லை.

இனி, அவர்தம் தருக்கப் பணிக்கு வருவோம். 1886இல் தருக்க விளையாட்டு என்னும் நூலை அவர் இயற்றினார். அதனோடு ஓர் அட்டைப் பலகையும் ஒன்பது காய்களும் தரப்பட்டன. காய்களுள் நான்கு சிவப்பு, ஐந்து சாம்பல் நிறம். பலகையின் சதுரம் அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பண்டங்களை எடுத்துக்கொண்டு அவர் இதனை விளக்கினார். புதியதும் சுவையுள்ளதும் ஓரறை. புதியதும் சுவையற்றதும் ஓரறை. பழையதும் சுவையுள்ளதும் ஓரறை. பழையதும் சுவையற்றதும் ஓரறை. ஓரறையிற் பொருள் உண்டு என்று தெரிந்தால் அங்கே சிவப்புக் காயை வைக்க வேண்டும். அவ்வறை வெறுமை என்று தெரிந்தால் சாம்பற் காயை வைக்க வேண்டும். பொருள் உண்டு, ஆனால் இரண்டறைகளுள் எதில் என்பது தெரியாது எனின், சிவப்புக் காயை இடைக்கோட்டின்மேல் வைக்க வேண்டும். ஒன்றும் தெரியாத அறையிலோ காயே வைக்கலாகாது.

இம்முறையின் நுட்பத்தைச் சிறிது சிந்திப்போம். ஓரறை வெறுமையானது என்று அறிதலும், ஓரறையைப் பற்றி ஒன்றும் அறியாதிருத்தலும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும்; உண்மையில் அவை வெவ்வேறு. முன்னது அறிவு, பின்னது அறியாமை. இல்லை என்பதற்கு ஒரு காயை அளித்து, அதனை உண்டு என்பதற்கு நிகராக மதித்தமையே கரோல் செய்த உபகாரம். அன்றியும், இரண்டு கூற்றுகளுள் ஒன்று இன்மையையும் மற்றொன்று உண்மையையும் கூறுமாயின், இன்மையை முதலிற் பலகையில் இடுக என அவர் கற்பித்தார். ஏனெனின், ஓரறை வெறுமையென்று முடிவானபின், கோட்டின்மேல் நின்ற சிவப்புக் காய் மற்றோர் அறைக்குத் தானே இறங்கிவிடும். கைபேசிப் புதிரிலே நாம் இடும் பெருக்கற்குறியும் சரிக்குறியும் இவ்விரு காய்களின் வேலையையே செய்கின்றன.

இதனை ஓர் எளிய இருக்கைக் கணக்கால் விளக்குவோம். ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக ஐந்து நாற்காலிகள் உள்ளன. கணிதர், புலவர், வைத்தியர், ஓவியர், வழக்கறிஞர் என்னும் ஐவர் அவற்றில் அமர வேண்டும். வேறு விதி இல்லையாயின் அவர்கள் 120 வகையாக அமரலாம். குறிப்புகள் நான்கு தரப்படுகின்றன. முதலாவது, புலவர் வைத்தியருக்கு வலப்புறத்து அடுத்த நாற்காலியில் இருக்கின்றார். இரண்டாவது, ஓவியர் இரு கோடிகளிலும் இல்லை. மூன்றாவது, ஓவியருக்கு அடுத்த நாற்காலியில் வைத்தியரும் இல்லை, புலவரும் இல்லை. நான்காவது, கணிதர் இடக்கோடியில் இருக்கின்றார்.

அவசரப்படுவோன் கணிதரை முதல் நாற்காலியில் இருத்தியபின், மற்றவரை மனம்போனவாறு நிறுத்திப் பார்ப்பான். பொருந்தினால் மகிழ்வான், பொருந்தாவிடின் கலைப்பான். பொருந்தியபோதும், வேறு விடை இல்லை என்று அவனால் உறுதி கூறவியலாது. கரோலின் மாணவனோ இல்லை என்னும் குறிப்புகளை முதலில் எடுப்பான். ஓவியர் கோடியில் இல்லை. ஆகவே அவருக்கு இரு மருங்கும் இருவர் இருத்தல் வேண்டும். அவ்விருவருள் வைத்தியர் இல்லை, புலவரும் இல்லை. ஓவியரை நீக்கிய நால்வருள் இவ்விருவரையும் விலக்கினால் எஞ்சுவோர் கணிதரும் வழக்கறிஞருமே. எனவே ஓவியரின் இருபுறமும் இருப்பவர் அவர்களே. கணிதர் இடக்கோடியில் இருத்தலின், ஓவியர் இரண்டாம் நாற்காலியிலும் வழக்கறிஞர் மூன்றாம் நாற்காலியிலும் அமைவர். எஞ்சிய நான்காவது வைத்தியருக்கும் ஐந்தாவது புலவருக்கும் உரியன. விடை ஒன்றே, அது தவிர வேறில்லை என்பதும் உடன் விளங்கிற்று. 120 வகைகளுள் 119ஐ ஒவ்வொன்றாய்ச் சோதிக்காமலே விலக்கினோம். அதற்குப் பெருந்துணை செய்தவை எவர் எங்கே இருக்கின்றார் என்ற குறிப்புகளல்ல; எவர் எங்கே இல்லை என்ற குறிப்புகளே.

கரோல் தம் மாணவருக்கு அமைத்த கணக்குகள் இதனினும் பன்மடங்கு கடியன. அவற்றுள் ஒன்று, நாள்தோறும் ஒரு பொது மேசையிற் கூடி உண்ணும் நண்பர் ஐவரைப் பற்றியது. உப்பும் கடுகும் எடுத்துக்கொள்ளுதலில் அவர்கள் தமக்குள் சில விதிகளை அமைத்துக்கொள்கின்றனர். இன்னார் உப்பெடுத்தால் இன்னார் இவற்றுள் ஒன்றையே எடுக்க வேண்டும் என்றாற்போல்வன அவை. அவ்விதிகள் ஒன்றோடொன்று முரணாது நிற்குமா, நிற்குமாயின் எவ்வகைகளில் நிற்கும் என்பது வினா. ஒருவர் இரண்டையும் எடுக்கலாம், உப்பு மட்டும் எடுக்கலாம், கடுகு மட்டும் எடுக்கலாம், இரண்டையும் விடலாம் ஆதலின், ஒருவருக்கு நான்கு நிலைகள்; ஐவருக்கு 1024 நிலைகள். இவற்றை ஊகத்தால் துழாவுதல் கடலைக் கையால் இறைப்பதை ஒக்கும். அங்கே தருக்கமே தோணி.

1886ஆம் ஆண்டு முதல் அவர் ஆக்ஸ்போர்டிலே லேடி மார்கரெட் ஹால் என்னும் பெண்கள் கல்லூரியிலும், பெண்கள் உயர்நிலைப் பள்ளியிலும் சென்று, ஊதியம் கருதாது தருக்கம் கற்பித்தார். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் அளியாதிருந்த காலம் அது. 1920 வரை அளிக்கவில்லை. தருக்கக் கலை பெண்களுக்கும் சிறுவர்க்கும் எட்டாதது என்னும் எண்ணத்தை அவர் செயலால் மறுத்தார். 1896இல் குறியீட்டுத் தருக்கம் என்னும் நூலின் முதற்பகுதியை வெளியிட்டபோது, அதற்குத் தம் இயற்பெயரை இடாமல் குழந்தைகள் அறிந்த லூயிஸ் கரோல் என்னும் பெயரையே இட்டார். நூல்களிலும் செய்தித்தாள்களிலும் மேடைப் பேச்சுகளிலும், திருச்சபைப் பிரசங்கங்களிலுமே கூட, ஏமாற்றும் போலி வாதங்கள் மலிந்திருத்தலை அவர் உணர்ந்திருந்தார். அவற்றைக் கண்டு பிளந்தெறியும் ஆற்றலை இளைஞர்க்கு அளிப்பதே தம் கடன் என்று கருதினார். மேலெழுந்தவாரியாகப் படித்துச் செல்லாது, விளங்காத இடத்தில் நின்று விளங்கிய பின்னரே அடுத்த பக்கம் புரட்டுமாறு அவர் மாணவரை வேண்டினார்.

அந்நூலின் இரண்டாம் பகுதியை முடிக்க முனைந்திருந்தபோதே காலம் குறுக்கிட்டது. கில்ஃபோர்டிலே தம் சகோதரியர் இல்லத்தில் தங்கியிருந்தபோது நோயுற்று, 1898ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், அறுபத்தாறாம் வயது நிரம்பச் சில நாள் இருக்கையில் அவர் உயிர் நீத்தார். இரண்டாம் பகுதியின் அச்சுப்படிகள் சிதறின. பல்லாண்டுகளின் பின் பார்ட்லி என்னும் அறிஞர் அவற்றைத் தேடித் திரட்டி 1977இல் வெளியிட்டார். அதில் மரமுறை என்று கரோல் பெயரிட்ட ஒரு வழி காணப்படுகின்றது. ஒன்று உண்மையெனத் தற்காலிகமாகக் கொண்டு, அதன் கிளைகளை ஒவ்வொன்றாகப் பின்பற்றி, ஒவ்வொன்றும் முரணிற் சென்று முட்டுமாயின், கொண்டதே பொய் எனத் துணியும் முறை அது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே தருக்க அறிஞர் வகுத்த மரமுறைகளுக்கு இதனை முன்னோடியாகக் கருதுவர். கடிய இருக்கைப் புதிரிலே, இவர் இங்கே அமர்ந்தால் யாது நேரும் என்று பார்த்து விலக்கும்போது நாம் கையாளுவதும் இதுவே. வெறும் ஊகம் வேறு; முரண் காணும்வரை ஆராயும் கோள் வேறு.

பெரியோர் பெயரோடு ஆதாரமற்ற செய்திகள் வந்து ஒட்டிக்கொள்ளுதல் உலக இயல்பு. ஆலிஸ் கதையிற் களித்த விக்டோரியா அரசியார் ஆசிரியரின் அடுத்த நூலையும் விரும்ப, அவர் அணிக்கோவை பற்றிய கணித நூலை அனுப்பினார் என்பது ஒரு கதை. அது நிகழவேயில்லை என்று கரோலே 1896இல் தம் தருக்க நூலிற் குறிப்பிட்டு மறுத்தார். ஐந்து வீடுகளில் ஐந்து நாட்டார் வாழ, வரிக்குதிரை யாருடையது எனக் கேட்கும் புகழ்பெற்ற புதிரைச் சிலர் ஐன்ஸ்டைன் இயற்றினார் என்பர். சிலர் கரோல் இயற்றினார் என்பர். இரண்டிற்கும் சான்றில்லை, 1962இல் லைஃப் இன்டர்நேஷனல் என்னும் இதழில் அப்புதிர் வெளிவந்தது. இருக்கைப் புதிர்கள் பலவற்றுக்கும் இவ்வரிக்குதிரைப் புதிர் நெருங்கிய உறவு.

அவர்தம் வாழ்க்கையிலும் வெற்றறைகள் உள. அவர் எழுதிய நாட்குறிப்புத் தொகுதிகள் பதின்மூன்றனுள் நான்கு காணாமற் போயின. 1863ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதிக்குரிய ஓர் ஏடு வெட்டப்பட்டிருக்கின்றது. லிட்டல் குடும்பத்தாரோடு அவர் கொண்டிருந்த நட்பு தளர்ந்த காலம் அதுவே. குழந்தைகளோடு அவர் கொண்ட நட்பையும், அவர்களை அவர் எடுத்த புகைப்படங்களையும் பற்றிப் பிற்காலத்தார் பலவாறு வினவியிருக்கின்றனர். சிலர் அவ்வறைகளைத் தூற்றுதலால் நிரப்பினர். சிலர் புகழ்ச்சியால் நிரப்பினர். இவ்விருசாராரும் அவர் கற்பித்த முதற்பாடத்தை மறந்தவர் என்போம். சான்று ஓரறையைக் காட்டினால் அங்கே காயை வைக்க வேண்டும். காட்டாவிடின் கோட்டின்மேலேயே நிறுத்த வேண்டும். பிறர் வாழ்க்கையை ஆராயும்போது இப்பொறுமை புதிரிலும் நூறு மடங்கு வேண்டப்படுவது.

அவர் 1895இல் மைண்ட் என்னும் தத்துவ இதழில் எழுதிய ஒரு சிறு உரையாடலைச் சொல்லி இக்கட்டுரையை முடிக்கின்றோம். அக்கிலீஸ் என்னும் வீரன் ஆமையோடு பேசுகின்றான். ஒரு பொருளுக்குச் சமமானவை தம்முள்ளும் சமம். இம்முக்கோணத்தின் இரு பக்கங்களும் ஒரு பொருளுக்குச் சமம். இவ்விரண்டையும் ஆமை ஒப்புக்கொள்கின்றது. ஆகவே அவ்விரு பக்கங்களும் தம்முட் சமம் என்பதை மட்டும் ஒப்பவில்லை. முன்னிரண்டும் உண்மையாயின் முடிபும் உண்மை என்பதனை மூன்றாவதாக எழுதிக்கொள்ளச் சொல்கின்றது. எழுதியபின் அதனையும் ஒப்புக்கொண்டு, மீண்டும் முடிபை மறுக்கின்றது. நான்காவதும் எழுதப்படுகின்றது, ஐந்தாவதும் எழுதப்படுகின்றது. ஏடு நிரம்பியும் ஆமை நகரவில்லை. விதிகளை எத்துணை அடுக்கினும், அவற்றினின்று முடிபுக்குச் செல்லும் அடியை ஒவ்வொருவரும் தாமே எடுத்து வைத்தல் வேண்டும். ஒருவருக்காக மற்றொருவர் அதனை வைத்தல் இயலாது. அறிஞர் இன்றும் ஆராயும் இவ்வுரையாடலினின்று நாம் கொள்ளும் பொருள் இதுவாகும்.

மாணவ நண்பர்காள்! விடையை ஒரு நொடியிற் காட்டித்தரும் கருவிகள் நம் சட்டைப் பையிலேயே உள்ளன. கைபேசிப் புதிரும் சிறிது தயங்கினால் துணைக்குறிப்புத் தர முன்வருகின்றது. அக்குறிப்பை வாங்கி நாற்காலிகளை நிரப்புதல் எளிது. ஆயின் அடுத்த மேசையில் நாம் மீண்டும் ஆமையாகவே நிற்போம். தேர்வுத் தாளிலும், செய்தித்தாளிலும், வாக்களிக்கும் சாவடியிலும் நம்மெதிரே வரும் மேசைகளுக்குத் துணைக்குறிப்புத் தருவாரில்லை. தருவாரிற் பலர் தம் பயன் கருதியே தருவர். ஆதலின் அடுத்த முறை ஒரு புதிரைத் திறக்கும்போது, எவர் எங்கே இல்லை என்பதை முதலிற் குறித்து, காரணம் கூறக்கூடியவரை மட்டும் இருத்தி, காரணமில்லாத நாற்காலியைக் காலியாகவே விட்டுப் பாருங்கள். நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரே கல்லூரியில் வாழ்ந்து, நாத்திக்கினும் அறிவு திக்காது நின்ற அவ்வாசிரியர் நமக்கு விட்டுச்சென்ற பயிற்சி அதுவே.